பிடியரிசி

ஆறாங்கட்டைத் தோட்டம், பகாவ்
14 பிப்ரவரி 1943

கர்த்தருக்குள் பிரியமான தம்பி தேவதாஸுக்கு அக்கா மார்த்தா எழுதுவது.

நானும் அத்தானும் ஆண்டவர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மம்பாவில் நீயும் ஞானப்பூவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மார்ச்சளி விட்டதா? பள்ளிக்கூடத்தில் தினமும் சப்பான் ராஜாவுக்கென்று கிழக்கே பார்த்துக் குனியச் சொல்கிறார்களாமே. குனியும்போது மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொள். முதுகு வளைந்தால் வளையட்டும்.

தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் மரவள்ளி ஏற்றும் லோரி டிரைவர் அர்ச்சுனனிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்ல மனிதர். வெற்றிலை கொடுத்தால் இன்னும் நல்லவர்.

இங்கே ஒரு சேதி. வேலைக்காரர் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சாலைப் பாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தாய்மார்களையெல்லாம் காடு வெட்டி மரவள்ளி நட ஓட்டிப் போகிறார்கள். பிள்ளைகள் லயத்து வாசலில் மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த அத்தான் ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "மருந்து தீர்ந்துபோன டிரெசருக்கும் புள்ள இல்லாத டிரெசரம்மாவுக்கும் வேற என்ன வேலை? நீ கொட்டகைக்குப் போ" என்றார். நான் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். மறுநாள் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

நம் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயில் பானையில் போடுவாளே, அந்தப் பழக்கத்தை நான் கல்யாணமாகி வந்த நாள்முதல் விட்டதில்லை. சிரம்பான் கோயிலுக்கு அனுப்ப இப்போது வழியில்லை. அதனால் பானையைக் கொட்டகை உத்தரத்தில் உறி கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். பங்கீட்டு அரிசி வந்தால் அரிசி, இல்லாவிட்டால் ஒரு பிடி மரவள்ளி வற்றல். அதில்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. ஆண்டவருக்குச் சேரவேண்டியது எந்த வாசல் வழியாகப் போனால் என்ன?

ஞானப்பூவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
மார்த்தா

கர்த்தர் உன் வாசலையும் உன் அடுப்பையும் காப்பாராக. – யோவேல்

* * *

மம்பாவ்
20 மார்ச் 1943

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நாங்கள் இருவரும் சுகம். சளி விட்டது, இருமல் விடவில்லை. உன் கடிதம் வந்ததும் ஞானப்பூ கையிலிருந்து பிடுங்கி முதலில் அடியைத்தான் பார்த்தாள். அத்தானின் அந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தை எதிர்பார்க்கிறோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சப்பான் எழுத்துப் படிக்கிறேன். பையன்கள் என்னைவிட வேகம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். போன ஞாயிறு கோயிலில் பாதிரி ஐயர் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆண்டவர் ஒவ்வொருவரையும் ஒரு நோக்கத்தோடு ஆசீர்வதித்திருக்கிறார் என்றார். சுற்றிப் பார்த்தேன். சாக்கு உடுத்தினவர்கள், கால் வீங்கினவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள். எனக்கு ஆமென் வாயில் வரவில்லை. கடல் தாண்டி நம் அப்பாவைக் கொண்டுவந்தது இதற்குத்தானா? வாத்தியார் பேசுகிற பேச்சா இது என்பாய். உன்னிடம் பேசாமல் யாரிடம் பேசுவது?

இந்தக் காலத்தில் உன் வீட்டுப் பிடியைப் பானையில் போடுகிறாயே, அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் சாப்பிட வேண்டும்.

உன் தம்பி,
தேவதாஸ்

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம்
9 மே 1943

என் செல்லத் தம்பிக்கு அக்காவின் அன்பு வாழ்த்துதல்கள்.

இருமலுக்குத் துளசி கசக்கிக் குடி. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அத்தான்தான் எலும்பும் தோலுமாகிவிட்டார், ஆனால் வாய் மெலியவில்லை.

உன் கேள்விக்கு என்னிடம் பிரசங்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது இதுதான். காலையில் பிள்ளைகள் அலுமினியக் கோப்பையை நீட்டுகின்றன. நான் ஊற்றுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வருவதில்லை. மற்ற நேரத்தில் உன்னைவிட அதிகமாக வருகிறது.

ஒரு வேடிக்கை கேள். லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகுமுன் என் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். சன்னாசியின் பெண்சாதி தாயம்மா அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறாள். ஏனடி என்றால், "ஒன்னுமில்லம்மா, கண்ணு படாம இருக்கத்தான்" என்கிறாள். ராக்கம்மா எனக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை அரிசி போட்டுவிட்டுப் போகிறாள். காணிக்கை என்றால் என்னவென்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அத்தானைக் கேட்டால், "சொல்லிக் குடுத்தாத்தான் வருமா?" என்கிறார்.

சன்னாசிக்குக் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கொயினா மருந்து ஒரு பொட்டுக்கூட இல்லை. அத்தான் எதையோ பட்டையை இடித்துக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்க ஜெபிக்கிறார். தாயம்மாவுக்கு நாலு குஞ்சுகள். கடைசி இன்னும் பால்குடி.

உன் அக்கா,
மார்த்தா

தேவதாஸ், ஆமென் வராவிட்டால் பரவாயில்லை. பசித்தவனுக்கு ஒரு கோப்பை நீட்டு, அவன் உனக்காகச் சொல்லுவான். – யோவேல்

* * *

மம்பாவ்
18 ஜூலை 1943

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாளாகிறது. சுகமாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம்.

சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சப்பான்காரர்கள் லோரி லோரியாக ஆட்களை ஏற்றிப் போகிறார்களாம். சயாமில் ரயில் பாதை போடவாம். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. உங்கள் பக்கம் வந்தார்களா? அத்தானுக்கு ஒன்றும் இல்லையே? டிரெசரைத் தொடமாட்டார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். ஞானப்பூவுக்கு அப்படியும் தூக்கமில்லை. அத்தானை அடியில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல். அது போதும் எங்களுக்கு.

தேவதாஸ்

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம்
29 ஆகஸ்ட் 1943

பிரியமுள்ள தம்பிக்கும் ஞானப்பூவுக்கும் சமாதானம் உண்டாகட்டும்.

பதில் தாமதித்ததற்கு அக்காவை மன்னியுங்கள். கொட்டகையில் பிள்ளைகள் கூடிவிட்டன. ஆமாம், இங்கும் லோரி வந்தது. ஆட்களைக் கொண்டுபோனார்கள். லயத்தில் ஆண்குரல் குறைந்துவிட்டது. தாய்மார் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறார்கள், அதுவரை எல்லாம் என் மடியில்தான்.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் காய்ச்சல்காரர்களோடு இருக்கிறார். அடியில் எழுத இப்போது என் பக்கத்தில் இல்லை. அவருக்காக ஜெபியுங்கள்.

இனி சொல்லப்போவதை ஞானப்பூவை உட்காரவைத்துவிட்டுப் படி. மரவள்ளி ஒத்துக்கொள்ளாமல்தான் வாந்தி எடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். தாயம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பிறகு கொட்டகைப் பானைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். "கேட்டுருச்சும்மா, ஒங்க சாமி கேட்டுருச்சு" என்று கத்தினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தம்பி, உன் அக்கா இந்த வயதில் முழுகாமல் இருக்கிறாள்.

எத்தனை வருஷம் கேட்டோம். கேட்பதை விட்ட பிறகு கொடுத்திருக்கிறார். சந்தோஷமாக இருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது.

அக்கா,
மார்த்தா

* * *

மம்பாவ்
14 செப்டம்பர் 1943

என் அருமை அக்காவுக்கும் அத்தானுக்கும் கோடி ஸ்தோத்திரம்!

ஞானப்பூ பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். என் வாயிலிருந்து ஆமென் வந்தது அக்கா, அத்தானிடம் சொல்.

இனி நான் சொல்வதைக் கேள். நீ அங்கே இருக்கக் கூடாது. இங்கே சிரம்பான் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஞானப்பூ இருக்கிறாள். அர்ச்சுனன் உன்னை லோரியில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிவருகிறேன் என்கிறார். வருகிற வாரமே புறப்படு.

அதுவரைக்குமாக ஞானப்பூ தன் பழைய ரவிக்கையைப் பை தைத்து அதில் அரிசி அனுப்புகிறாள். அவள் கம்மலைக் கொடுத்து வாங்கியது. மரவள்ளி மூட்டைக்கடியில் ஒளித்து வருகிறது. நீ மட்டும் சாப்பிட வேண்டும். நீ மட்டும்.

அத்தான் ஏன் எழுதவில்லை? தகப்பனாகப்போகிற மிதப்பா? இரண்டு வரி எழுதச் சொல்.

தேவதாஸ்

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம்
17 அக்டோபர் 1943

அன்புத் தம்பிக்கு,

உடம்பு தேவலை. மசக்கை குறைந்து வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஞானப்பூவின் கையை என் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல். ரவிக்கைப் பையை அவிழ்த்து வெகுநேரம் அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிடி எனக்கென்று உலையில் போட்டேன். அந்த வாசனைக்குக் கொட்டகைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. ஒன்றும் கேட்கவில்லை. தாயம்மாவின் மூன்றாவது பெண் மட்டும், "இது என்னாம்மா வாசம்?" என்றாள். அரிசிச் சோற்றின் வாசம் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? மீதியையும் உலையில் கொட்டினேன். எனக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டேன், கோபிக்காதே.

மம்பாவுக்கு வர முடியாது. நான் போனால் கொட்டகை மூடிவிடும். அதற்கு மேல் கேட்காதே.

அத்தான் எழுத வசதிப்படவில்லை.

மார்த்தா

* * *

மம்பாவ்
21 நவம்பர் 1943

அக்கா,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

அர்ச்சுனன் நேற்று வந்தார். அத்தானுக்கென்று என்னுடைய நல்ல சட்டை ஒன்றை மடித்துக் கொடுத்தேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதுவிட்டார். "வாத்தியாரே, யாருக்குலா இந்தச் சட்ட? டிரெசரய்யா சயாம் போயி எம்மா நாளாச்சு! அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு" என்றார்.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். காய்ச்சல்காரர்களோடு இருக்கிறார் என்று எழுதினாய். பக்கத்தில் இல்லை என்று எழுதினாய். ஒரு பொய்கூட இல்லை! எவ்வளவு சாமர்த்தியம்! நாங்கள் இங்கே தகப்பனாகப்போகிறவருக்கு மிதப்பா என்று கேலி எழுதிக்கொண்டிருந்தோம். அதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் என் கோபம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

என்ன நடந்தது? அவர் டிரெசர்தானே? முழுதும் எழுது. கிறிஸ்மஸுக்கு நான் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டாவது போவேன்.

தேவதாஸ்

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம்
5 டிசம்பர் 1943

என் உயிருக்கு உயிரான தம்பிக்கு,

அர்ச்சுனனைத் திட்டாதே. என் மேல் கோபப்படு, அது நியாயம். தெரிந்தால் நீ அன்றைக்கே வந்து என்னை இழுத்துப் போவாய் என்றுதான் மறைத்தேன். உன் கண்ணைப் பார்த்தால் நானும் வந்துவிடுவேன் என்பதாலும்தான்.

ஜூன் மாதம் லோரி வந்தது. வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சன்னாசி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு பாயில் கிடந்தான். இரண்டு சிப்பாய்கள் அவனை அக்குளில் பிடித்து இழுத்துவந்தார்கள். தாயம்மா பால்குடிப் பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு அவர்கள் காலில் விழுந்தாள். அத்தான் அவர்களோடு வந்த சப்பான் அதிகாரியிடம் போய்க் கையால் ஜாடை காட்டினார். இவன் வேண்டாம், நான் வருகிறேன் என்று. அதிகாரிக்கு வேண்டியது ஒரு தலை. தலையை ஆட்டினான்.

என்னிடம் வந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவனுக்கு நாலு புள்ள, மார்த்தா. நமக்கு யாருமில்ல. கர்த்தர் நம்மள ஏன் வெறும் மடியா வெச்சிருந்தாருன்னு இத்தன வருஷம் கேட்டோமில்ல? இதுக்குத்தான். போறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா பாக்க ஒருத்தன் வேணாமா?" என்றார். மருந்தில்லாத மருந்துப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். அவர் முகம் அன்றைக்கு இருந்த தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் நோக்கத்தைக் கண்டுபிடித்தவனின் முகம் அது. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, தம்பி. அப்படி ஒரு பெருமை.

அதன் பிறகுதான் வாந்தி.

வெறும் மடி என்று நம்பிப் போனவருக்குப் பிள்ளை இருக்கிறது. அவருக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அவர் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன், சன்னாசி போயிருப்பான், லோரியிலேயே செத்திருப்பான். ஆண்டவர் என்னிடம் மறைத்து வைத்தது கிருபையா, கொடுமையா? தெரியவில்லை. பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். கஞ்சி மட்டும் காய்ச்சினேன்.

சன்னாசி எழுந்துவிட்டான். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். தினமும் கொட்டகைக்கு விறகு பிளந்து போடுகிறான். இவர்களை விட்டுவிட்டு நான் மம்பாவுக்கு வந்தால், அத்தான் கொடுத்துவிட்டுப் போனதை நான் பாதியில் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். அவர் திரும்பினால் இந்த வாசலுக்குத்தான் வருவார்.

கிறிஸ்மஸுக்கு வா. என்னைப் பார். தூக்கிக்கொண்டு போக மட்டும் வராதே. இப்போது நான் கனம்.

அக்கா,
மார்த்தா

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம்
12 மார்ச் 1944

வாத்தியாரய்யா அவர்களுக்கு தாயம்மா சொல்ல, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் மணியம் கிராணி எழுதுவது. ஐயாவும் அம்மாவும் நல்லா இருக்கணும்னு மாரியாத்தாவ வேண்டிக்கிறேன்.

ஐயா, பயப்படாதீங்க. மொதல்ல நல்ல சேதி. பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் உசுரோட இருக்காங்க. இப்ப மத்தத சொல்றேன். நோவு எடுத்து ரெண்டு நாளு பட்டபாடு சொல்ல முடியாது. புள்ள பொறந்து ரத்தம் நிக்கல. எங்களால ஆனத செஞ்சோம். நின்னுச்சு. ஆனா அம்மா வெள்ளத் துணி மாதிரி கெடந்தாங்க. புள்ள மாருல வாய் வெச்சா ஒன்னுமில்ல. மரவள்ளிய தின்னுட்டுப் பால் எங்கருந்து ஊறும்?

அப்ப நாங்க எடுத்து வெச்சிருந்த அரிசியக் கொண்டாந்தோம். எங்களுக்குத் தெரியும் ஐயா, அம்மா எதுக்குக் கொட்டகையில பானை கட்டுனாங்கன்னு. புள்ள வரம் கேட்டு அவங்க சாமிக்கு நேர்ந்துகிட்டாங்க. வாய விட்டுச் சொன்னா நேர்ச்சை பலிக்காதுன்னு நாங்களும் யாரும் கேட்டுக்கல. அவங்க சாமி கேட்டுக் குடுத்துருச்சு. எங்க புள்ளைங்க அந்த நேர்ச்சைக் கஞ்சிய குடிச்சி உசுரோட இருக்குதுங்க. அப்பறம் எங்க மேலயும் கடன் இருக்குல்ல? அதனால அம்மாவுக்கு வயிறு தெரிஞ்ச நாளுலருந்து வீட்டுக்கு வீடு ஒரு சிட்டிகை எடுத்து வெச்சோம். பங்கீட்டுல குடுக்கறது தொண்டைக்கும் பத்தாது, ஆனாலும் எடுத்தோம். அம்மா பானையில போட்டா கொட்டகைப் புள்ளைங்களுக்கே காய்ச்சி ஊத்திருவாங்க. அதனால வேற பானை வாங்கி மாரியம்மன் கோயில்ல ஒளிச்சி வெச்சோம். எங்க சாமி காவல் இருந்துச்சு, அவங்க சாமிக்கு.

பானைய நெறைய கொண்டாந்து பக்கத்துல வெச்சதும் அம்மா கண்ணத் தொறந்து பாத்தாங்க. வெவரம் சொன்னேன். சிரிச்சாங்க. அப்பறம் அழுதாங்க. "இது நேர்ச்சை இல்ல தாயம்மா. எனக்காக நான் ஒன்னும் கேக்கல" ன்னாங்க. "கேக்காமயா குடுத்துச்சு? அப்ப ஒங்க சாமி பெரிய சாமிதாம்மா" ன்னேன். நான் ஊட்டுனேன், சாப்புட்டாங்க. மூணாம் நாளு பால் சொரந்துச்சு.

புள்ளைக்குப் பேரு அய்யா வந்துதான் வெப்பாருங்கறாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? லயத்துல எல்லாரும் பிடியரிசின்னு கூப்புடுறோம்.

எம் புருசன் கும்புடு சொல்லச் சொன்னாரு.

(அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். என் வீட்டுச் சிட்டிகையும் அந்தப் பானையில் உண்டு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். – மணியம்)

* * *

காஞ்சனபுரி முகாம் ஆஸ்பத்திரி, சயாம்
7 அக்டோபர் 1945

மைத்துனன் தேவதாஸுக்கு, உயிரோடிருக்கும் யோவேல் எழுதுவது.

நீயும் ஞானப்பூவும் அதே மம்பாவ் வீட்டில் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறேன். தோட்டத்துக்கு எழுதக் கை வரவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரியாது. மார்த்தா இருக்கிறாளா? அதை மட்டும் முதலில் சொல்.

இங்கே பார்த்ததை எழுதமாட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்களில் மிகச் சிலரே மிச்சம். என் பெட்டியில் மருந்து இருந்ததில்லை. கொதிநீர் வைத்தேன், புண் கழுவினேன், கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனவன் சாமியின் பெயரை அவனவன் காதில் சொன்னேன், என் ஆண்டவரிடம் எல்லோரையும் சேர்த்து ஒப்படைத்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுந்திருக்க முடியாதவனுக்குப் பங்கீடு கிடையாது இங்கே. மார்த்தாவின் பானை ஞாபகம் வந்தது. ஒரு தகர டின்னை வைத்தேன். எழுந்து நிற்கிறவன் ஒவ்வொருவனும் தன் கஞ்சியில் ஒரு கரண்டியை அதில் ஊற்றிவிட்டுக் குடிப்பான். யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்த டின்னால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். எனக்குக் காலரா வந்தபோது என் வாயில் ஊற்றப்பட்டதும் அதுதான்.

எனக்குப் பிள்ளையில்லை என்று சொல்லித்தான் லோரியில் ஏறினேன். இங்கே எத்தனையோ பிள்ளைகள் என் மடியில் செத்தார்கள். இனி ஆண்டவரிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, மார்த்தாவைத் தவிர.

சண்டை முடிந்துவிட்டதால், கால் புண் ஆறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

யோவேல்

கர்த்தர் இன்னும் நம் அடுப்பை அணைக்கவில்லை என்று நம்புகிறேன்.

* * *

ஆறாங்கட்டைத் தோட்டம், பகாவ்
18 நவம்பர் 1945

அன்பும் வணக்கமும் நிறைந்த அத்தான் அவர்களுக்குத் தேவதாஸ் எழுதுவது.

அக்கா இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள். முதலில் அதைத்தான் கேட்டீர்கள், முதலில் அதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் அர்ச்சுனன் லோரியில் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். அக்கா கொட்டகையில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கடிதத்தை நீட்டினேன். உள்ளே படிக்காமலே உறைமேல் கையெழுத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சன்னாசி ஓடிவந்தான். நான் படிக்கப் படிக்க அவன் தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினான். பதில் எழுத அக்கா உட்கார்ந்தாள், பிறகு பேனாவை என் கையில் கொடுத்து என்னையே எழுதச் சொல்லிவிட்டாள்.

அத்தான், வெகுநாளைக்கு முன்பு எனக்கு ஆமென் வரவில்லை என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். பசித்தவனுக்குக் கோப்பை நீட்டு என்று அடியில் எழுதினீர்கள். உங்களையும் அக்காவையும் பார்த்து நானும் பள்ளிக்கூடத்தில் ஒரு பானை வைத்தேன். ஆசீர்வாதம் என்றால் என்னவென்று இப்போது யாராவது கேட்டால் நான் பிரசங்கம் செய்யமாட்டேன். என் அக்காவையும் அத்தானையும் காட்டுவேன்.

இனி சொல்லப்போவதைக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் லோரியில் ஏறிய அன்று உங்கள் மடி வெறுமையாக இல்லை. உங்களுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அத்தான். அக்காவின் நிறம், உங்கள் வாய். ஓயாமல் பேசுகிறாள். இந்த லயத்து வீடுகளெல்லாம் தங்கள் பங்கீட்டிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்து வைத்த அரிசியில் ஊறிய பாலைக் குடித்து வளர்ந்தவள். அவள் ஞானஸ்நானத்தை அக்கா இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறாள், பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று. வந்து என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், லயத்தில் அவள் பிடியரிசிதான். அதை உங்களாலும் மாற்ற முடியாது.

சீக்கிரம் வாருங்கள். கால் ஆறாவிட்டால் சன்னாசி ஸ்டேஷனிலிருந்து உங்களைத் தோளில் தூக்கி வருவானாம். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

தங்கள் மைத்துனன்,
தேவதாஸ்

அத்தான், கடிதத்தின் அடியில் நீங்கள் எழுதும் இடம் இத்தனை நாள் காலியாகவே இருந்தது. இன்றைக்கு உங்கள் மகளின் கையைக் கஞ்சிச் சட்டிக் கரியில் தொட்டு அங்கே பதித்திருக்கிறோம். ஒரு பிடிக்கு எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.